பெற்றோல் முள்ளைத் திருத்துகிறவர்

பெரும்பாலான மொறிஸ் மைனர் கார்களில் பெற்றோல் மீற்றர் தனியாக இருப்பதில்லை. டாஷ்போர்ட்டின் நடுவில் இருக்கும் வட்டமான வேகமீற்றருக்குள்ளேயே, அடிப்பக்கத்தில் சின்ன முள்ளாக இருக்கும். வேகமீற்றரை மாற்றினால் அதுவும் சேர்ந்து மாறிவிடும். யாழ்ப்பாணத் தீவான வேலணையில், ஒரு கராச்சில் நான் பார்த்த கார் இப்படித்தான் சிக்கலில் மாட்டியிருந்தது. 1960க்கு முந்திய வண்டி. வேகமீற்றர் பழுதானதும் உரிமையாளர் பழைய சாமான் கடையொன்றில் பிந்திய மைனரின் மீற்றரை வாங்கிப் பூட்டிவிட்டார். அளவு ஒன்று, பூட்டுகிற இடமும் ஒன்று. வேகமும் காட்டியது. பிறகு ஒருநாள் புங்குடுதீவுத் தாம்போதியில், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில், கார் நின்றுவிட்டது. ராங்க் வறண்டு கிடந்தது. முள்ளோ நிரம்பியிருக்கிறது என்றே காட்டியது.

"முள்ளில பிழையில்லை ஐயா. மேல இருக்கிறது ஒரு காலத்துச் சாமான், கீழ இருக்கிறது இன்னொரு காலத்துச் சாமான்," என்றார் மெக்கானிக். அறுபதைக் கடந்தவர். உரிமையாளர் வாங்கில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் என் பக்கம் திரும்பி, "தம்பி, சாவியைத் திருப்பிப்போட்டு முள்ளைப் பாருங்கோ. துள்ளி எழும்பினா பழசு. ஊர்ந்து ஏறினா புதுசு," என்றார். திருப்பினேன். முள் அவசரமே இல்லாமல் ஊர்ந்து ஏறியது.

அந்த ஒரு அசைவில் முழு விளக்கமும் இருக்கிறது. ராங்கினுள் ஒரு மிதவை, அதன் கம்பி நுனியில் ஒரு மின்தடை. பெற்றோல் ஏறி இறங்க மின்தடையின் அளவு மாறும். இதைத்தான் ராங்க் யூனிற் என்கிறார்கள். பழைய ஸ்மித்ஸ் மீற்றருக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் முள்ளை இரு பக்கமும் இழுக்கும். அதனால் அது துள்ளும். அதற்குப் பொருந்தும் ராங்க் யூனிற் வெறுமையாக இருக்கையில் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டும், நிரம்ப நிரம்பக் கூடும். 1964 அளவில் வந்த மாற்றத்தில் சுருள்கள் போய், சூடேறினால் வளைகிற ஈருலோகத் தகடு வந்தது. கரண்ட் கூடினால் தகடு சூடாகி முள்ளை மேலே தள்ளும். சூடேற நேரம் எடுப்பதால்தான் அந்த ஊர்தல். இதற்குரிய யூனிற் நேர் எதிர்: வெறுமையில் சுமார் 240 ஓம், நிரம்பினால் 30 அளவுக்கு இறங்கும். பழைய யூனிற்றை இந்த மீற்றருடன் இணைத்தால், வெறும் ராங்க்தான் முள்ளை உச்சிக்கு ஏற்றும். தாம்போதியில் நடந்தது அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இரட்டைச் சுருள் மீற்றருக்குப் பற்றரி வோல்ற்றேஜ் கூடிக் குறைந்தாலும் பெரிதாகப் பாதிப்பில்லை, இரண்டு சுருளுக்கும் அது ஒன்றாகவே மாறும். தகட்டு மீற்றருக்கு அப்படியில்லை. அதற்குச் சராசரி 10 வோல்ற் கொடுக்கிற சின்ன ஸ்ரெபிலைசர் ஒன்று வேண்டும். இந்தக் காரில் அதில்லாமல் பற்றரியிலிருந்து நேராகக் கொடுத்திருந்தார்கள். மீற்றர் எரிந்துபோகாதது அதிர்ஷ்டம்.

இந்த நுணுக்கங்களை மெக்கானிக் படித்தது புத்தகத்தில் அல்ல. 1990இல் போரினால் தீவுப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்து யாழ் குடாநாட்டில் கராச்சொன்றில் கைவேலை பழகியவர். பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகள். பெற்றோல் போத்தலில்தான் கிடைக்கும். காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் புகை கக்கிக்கொண்டு அப்படித்தான் ஓடின. முள்ளைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை என்றார்; போத்தலில் எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நிலைமை வேறு. கியூஆர் அட்டையில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுத்த மாதங்களில், மீற்றரைச் சரிபார்க்க ஆட்கள் வரிசையாக வந்தார்களாம். நெடுந்தீவுக்கு எரிபொருள் கடல் தாண்டித்தான் போக வேண்டும். அங்கிருந்து வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, முள் அடியைத் தொட்ட பிறகு எத்தனை லீற்றர் மிஞ்சும் என்பதே. என் கண்ணில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை.

நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏற்றுகிற டொயோட்டா வான் ஒன்றும் கராச்சில் நின்றது. அதற்கும் மீற்றர் போர்ட் மாற்றியிருந்தார்கள். நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டவில்லை. எல்லோரும் புது போர்ட்டைக் குறை சொல்ல, இவர் வண்டிக்கு அடியில் படுத்து ராங்கின் எர்த் வயரைக் கழற்றினார். உப்புக் காற்றில் கறள் ஏறிப் பச்சை பூத்திருந்தது. இந்தப் பழைய டொயோட்டாக்களில் வெறுமை சுமார் 110 ஓம், நிரம்பினால் 3 ஓம். கறள் சில பத்து ஓம்களைச் சேர்த்தால் நிரம்பிய ராங்க்கும் பாதியாகிவிடும். உரசித் துடைத்து, இறுக்கி, கிறீஸ் பூசினார். முள் எழும்பியது. தீவுகளில் எந்த மீற்றர் வேலையையும் எர்த்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர் கட்டளை. இடையில் ஒரு மின்தடையைப் போட்டு முள்ளை ஏமாற்றுகிற வேலைக்கு அவர் ஒப்புவதில்லை. அப்படிச் செய்தால் ஒரு முனை சரிவரும், மறுமுனை கெடும். கணக்கைத் தன் நினைவிலேயே வைத்திருக்கிற புதிய கார்களின் போர்ட்டுகளை அவர் தொடுவதில்லை; கணினி உள்ளவர்களிடம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுகிறார். அந்த வகைப் போர்ட்டுகளில் ஓடிய கிலோமீற்றர் கணக்கும் போர்ட்டோடு வருவதால், மாற்றிய விவரத்தை எழுதி வைக்கச் சொல்கிறார்.

மைனருக்குப் பிந்திய வகை யூனிற்றும் ஸ்ரெபிலைசரும் கிடைத்திருந்தன. யூனிற்றைப் பூட்டுமுன் மல்ரிமீற்றரில் இணைத்து, மிதவையை விரலால் மெல்ல உயர்த்தினார். இலக்கம் எங்கும் தாவாமல் இறங்கியது. பிறகு டிக்கிப் பலகையைத் தூக்கி ராங்கில் பூட்டினார். காரைச் சமதரையில் நிறுத்தி, அளவுக் கானால் ஒவ்வொரு லீற்றராக ஊற்றினார். ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பி, முள் ஊர்ந்து நிற்கும்வரை பொறுத்திருந்தார். முதல் சுற்றில் 2 லீற்றரிலேயே முள் அடிக்கோட்டை விட்டு எழுந்தது. யூனிற்றை வெளியே எடுத்து மிதவைக் கம்பியைச் சற்றே மேல்நோக்கி வளைத்து, பெற்றோலையும் வடித்து, மறுபடி ஊற்றினார். இப்போது 4 லீற்றருக்கு மேல்தான் முள் எழும்பியது.

பாதி ராங்கில் முள் கொஞ்சம் குறைவாகவே காட்டியது. "அதையும் சரிபண்ணேலாதோ?" என்று உரிமையாளர் கேட்டார்.

"பண்ணலாம் ஐயா. ஆனா அடி பிழைக்கும். பாதியில காட்டுற பிழை உங்களை ரோட்டில விடாது," என்று சொல்லிவிட்டு, 4 லீற்றர் என்பதை ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுத்தார்.