மாமாவும் பர்கரும் மலைச் சாமையும்

சட்டைப் பையில் லவ் லெட்டர் மாட்டி உதை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்கர் சுற்றிய காகிதம் மாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர், எனக்குத் தெரிந்து என் மாமா ஒருவர்தான். வயது 63.

போன் வந்தபோது ஆபீஸில் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தபடி, வேலை செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். போளூரிலிருந்து அத்தை.

"ஏம்பா, உங்க மாமா சட்டைப் பையில எண்ணெ பேப்பர் கீது. மோந்து பாத்தா பன்னு வாசனை. இந்த வாரத்துல இது மூணாவது. சுகரு முந்நூத்திப் பத்து. நீ கத்துக் குடுத்ததுதானே? நீயே வந்து மறக்கடிச்சிட்டுப் போ!"

டொக். போன் கட்.

அத்தை சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மாமா ரிடையர்டு பஸ் டிரைவர். சர்க்கரை நோயில் வலது கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறுவதற்காகச் சென்னையில் என் அறையில் மூன்று வாரம் தங்கினார். ஆஸ்பத்திரியில் காலையில் டோக்கன் வாங்கினால் வெளியே வர மதியம் இரண்டாகும். பசியில் அவர் முகம் சுருங்கிப்போயிருக்கும். வழியில் ஒரு கடை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. உள்ளே அழைத்துப்போய் ஒரு பர்கர் வாங்கிக் கொடுத்தேன்.

"இன்னாடா மாப்ளே இது, பன்னுக்குள்ள வடைய வெச்சிக் குடுக்கிறான்?" என்றவர், இரண்டாவது கடியில் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் ஏழு பர்கர். ஏழுக்கும் பணம் கொடுத்தவன் இந்தப் பாவி.

கடைசி நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சர்க்கரை இறங்கலேன்னா அடுத்தது விரலோட நிக்காது தம்பி" என்று சொன்னார். அதை நான் மாமாவிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரணி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியபோது வயிற்றைப் பிசைந்ததற்கு அதுதான் காரணம். (ஏறுமுன் சாப்பிட்ட பரோட்டாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.)

போளூர் பெரிய ஊர் இல்லை. திருவண்ணாமலை - வேலூர் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாண்டு, விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன், ஊரை ஒட்டி சம்பத்கிரி மலை, அதன் மேல் லட்சுமி நரசிம்மர். ஒரு பக்கம் பர்வதமலை கூராக நிற்கும். மேற்கே ஜவ்வாது மலை நீளமாகப் படுத்திருக்கும். விடிகாலையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனுக்கு இந்த மலைகள் தெரிந்ததுமே சென்னை மறந்துவிடும்.

எனக்கு மறக்கவில்லை. காரணம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரி போர்டு: 'பப்ஸ், பர்கர், ஃப்ரைட் ரைஸ்'. குற்றம் நடந்த இடம்!

மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். பழக்க தோஷம்.

"அவ சொன்னான்னு வந்தியா? மாப்ளே, நெனச்சிப் பாரு. காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, பாவக்கா. ராத்திரி கோதுமக் கஞ்சி. முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன்டா நானு. நாக்குன்னு ஒண்ணு எனக்கு இருக்குதா இல்லியா?"

நியாயமான கேள்வி. இந்த வீட்டில் எல்லாரும் அவரை அதைத் தின்னாதே, இதைத் தின்னாதே என்று விரட்டினார்களே தவிர, பதிலுக்கு ருசியாக ஒன்றை யாரும் நீட்டவில்லை. பர்கரை மறக்கடிக்க முடியாது. பர்கரின் ருசியை வேறு ஒரு பண்டத்தில் ஏற்றிக் கொடுத்தால்?

வெள்ளைக்காரன் வீடுகளில் 'காசரோல்' என்று ஒரு சமையல் உண்டு. நமக்குக் காசரோல் என்றால் கல்யாணத்துக்குப் பதினோரு பேர் பரிசளிக்கும் சப்பாத்தி டப்பா. அவர்களுக்கு அது அகலமான பாத்திரத்தில் தானியம், கறி, காய் என்று அடுக்கி, மேலே சீஸ் தூவி, அடுப்புக்குள் வைத்து எடுக்கும் ஐட்டம். அப்படி ஒரு அடுக்குச் சட்டி செய்தால் என்ன?

பர்கரில் நாக்கைச் சுண்டி இழுப்பது எது என்று கணக்குப் போட்டேன். பன் இல்லை. பன்னுக்கு ருசியே கிடையாது, அது வெறும் கைப்பிடி. காய்ந்த கல்லில் கறி பட்டுச் சிவக்கும்போது வரும் மணம் ஒன்று. (அதற்குப் பின்னால் உள்ள ரசாயனத்தை 1912-ல் எழுதிவைத்தவர் மய்யார் என்ற பிரெஞ்சுக்காரர். நம் ஊர் முட்டை தோசைக்காரருக்கு அது எப்போதோ தெரியும்.) அப்புறம் கடுகுக் காரம், பச்சை வெங்காயம், புளிப்பும் இனிப்புமாக ஒரு சாஸ், வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரி. அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரர் ஒருவர் 1967-ல் 'பிக் மேக்' என்று அடுக்கியது இதைத்தான். அது ஒன்றே 550 கலோரிக்கு மேல். அந்தக் கம்பெனி இந்தியாவில் முதல் கடையை 1996-ல் டெல்லியில் திறந்தபோது, மாட்டுக்கறி இல்லாமல் 'மகாராஜா' என்று பெயர் வைத்துக் கொடுத்தது. அவன் நமக்காக மாற்றினான், நாம் மாமாவுக்காக மாற்றக் கூடாதா?

பன்னுக்குப் பதில் அடியில் எதைப் பரப்புவது?

"சாமை" என்றாள் அத்தை, காய் நறுக்கியபடியே. "மேல போயி வாங்கியா. இங்க கடையில விக்கிறது வெளுத்துப் போனது."

மேலே என்றால் ஜவ்வாது மலை. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாமாவும் கூட வந்தார். ஒரு காலத்தில் அவர் ஓட்டிய ரூட். இப்போது ஜன்னலோரப் பயணி. டிரைவர் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இவர் இடது கை தானாக அசைகிறது. வலது கால் பிரேக்கை மிதிக்கிறது, இல்லாத பிரேக்கை, நான்கு விரல்களோடு. நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"இந்த வளைவுல ஹாரன் அடிக்காம திரும்புறான் பாரு. கத்துக்குட்டி!"

ஏற ஏறக் காற்று மாறியது. பலா, புளி, ஆங்காங்கே சீத்தாப்பழக் கூடைகள். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்குப் போகலாம். இன்னொரு பக்கம் காவலூர் வானோக்கு நிலையம். 1986-ல் வைணு பாப்பு பெயர் சூட்டிய தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1988-ல் ஒரு குறுங்கோளை இங்கிருந்து கண்டுபிடித்து 'ராமானுஜன்' என்று பெயர் வைத்தார்கள். "உன் சாமைக்கு அங்க வேல இல்ல, அடுத்த தபா போலாம்" என்று மாமா தடுத்துவிட்டார்.

ஜமுனாமரத்தூரில் ஒரு பாட்டி சாக்கை விரித்து வைத்திருந்தார். சாமை, தேன், புளி. நான் வெள்ளையாகத் தெரிந்த சாமையைக் காட்டினேன். பாட்டி தலையை ஆட்டினார்.

"அது மெசின்ல ரொம்பத் தீட்டுனது சாமி. பழுப்பா கீதே, அத்த எடு. தவிடு அதுலதான் நிக்கும். ரொம்ப நாளு வெக்காத, கசந்து போவும். உமியோட இருந்தா வருசக்கணக்கா வெச்சிக்கலாம், உமி போனா சீக்கிரம் தின்னுடணும்."

"நீங்க வீட்டுல டெய்லி இதான் சாப்பிடுறீங்களா பாட்டி?"

பாட்டி சிரித்தார். "நாங்க ரேசன் அரிசி சாமி. இத்த வித்துடுவோம். ஒரல்ல குத்தி, பொடச்சி, மறுக்கா குத்தி... யாரால ஆவும்?"

கீழே ஊர்க்காரன் சுகருக்குப் பயந்து சாமைக்கு மலையேறுகிறான். மேலே இருப்பவர்கள் சாமையை விற்றுவிட்டு அரிசி சாப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலக்கை பிடித்துக் காய்த்த அந்தக் கையைப் பார்த்தவன் எவனும் சொல்ல மாட்டான். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. பாட்டியின் உரலுக்கு யாராவது சேதி சொன்னார்களோ!

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் நார்ச்சத்து சுமார் 7.7 கிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. புரதமும் சாமையில் கொஞ்சம் கூடுதல். அதற்காக, சாமை என்றால் அண்டா அண்டாவாகத் தின்னலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான். அளவு முக்கியம்.

இரண்டு கிலோ சாமை, கொஞ்சம் புளி வாங்கினோம். தேனை மாமா ஏக்கமாகப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தேன் அங்கேயே இருந்துவிட்டது.

ஞாயிறு காலை. அத்தையின் சமையற்கட்டில் நான்! முதல் தடவை ஒரு டம்ளர் சாமைக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்தேன். களி. "போஸ்டர் ஒட்டலாம்" என்றார் மாமா. இரண்டாவது தடவை இரண்டே டம்ளர் தண்ணீர், மூடி போட்டுச் சின்னத் தீயில். பூப்போல உதிர்ந்தது. ஆறவிட்டு ஒரு முட்டையை உடைத்துக் கலந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் அடியில் பரப்பினேன்.

கால் கிலோ நாட்டுக்கோழிக் கறியைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, உப்பு, மிளகு, பூண்டு போட்டு, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பரப்பினேன். இங்கேதான் சூட்சுமம். கரண்டியைப் போட்டுக் கிளறக் கூடாது. இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடி சிவந்த பிறகு புரட்டினால், அந்த மணம்! மாமா வாசலிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

சாஸ்? நாலு தக்காளியை வதக்கி, சுண்டைக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டு, ஒரு ஸ்பூன் கடுகுப் பொடி, கொஞ்சம் மிளகாய்த் தூள். கெட்டியானதும் கறியோடு சேர்த்துச் சாமை மேல் இரண்டாவது அடுக்கு. மயோனைசுக்குப் பதில், துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்ட தயிர், பூண்டு, மிளகு. பச்சை முட்டை மயோனைசைத் தமிழக அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது, நினைவிருக்கிறதா? தயிரில் அந்த வம்பே இல்லை. அதற்கு மேல் நறுக்கிய வெங்காயம், துருவிய சீஸ் கைப்பிடிக்கும் குறைவாக, கடைசியில் பன் மேல் இருக்குமே, அந்த எள்.

அத்தை வீட்டில் அவன் கிடையாது. அந்தக் காலத்தில் நம் அம்மாக்கள் குக்கரில் கேக் செய்தார்களே, அதே டெக்னிக். பழைய அலுமினியக் குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு. கேஸ்கட்டும் வெயிட்டும் கிடையாது. பத்து நிமிஷம் சூடாக்கி, பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடி, சின்னத் தீயில் அரை மணி.

வெள்ளரிக்காய் மட்டும் தனி. மெல்லிய வட்டமாக நறுக்கி, வினிகரிலும் உப்பிலும் அரை மணி ஊறவைத்துக் கடைசியில் மேலே போட வேண்டும். பர்கருக்குள் இருக்கிற குட்டி வெள்ளரியைக் கர்நாடகத்தில் 1990-களின் தொடக்கத்தில் பயிரிட ஆரம்பித்து, பிறகு தமிழ்நாடு, ஆந்திரா என்று பரவி, டின் டின்னாக வெளிநாட்டுக்கு ஏற்றுகிறோம். நம் வெள்ளரியைத்தான் அவன் பன்னுக்குள் வைத்துக் கடிக்கிறான் போலிருக்கிறது!

குக்கர் திறந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் லேசாகக் கருகல். ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ் துருவல். எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்த நாளில்கூட இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

மாமா ஒரு வாய் எடுத்தார். மென்றார். கண்ணை மூடினார்.

"எப்படி மாமா?"

"பொய் சொல்லட்டா, நெஜம் சொல்லட்டா?"

"நெஜம்."

"அது இல்ல மாப்ளே. ஆனா அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லலாம்." தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வை."

"அளவு மாமா..."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்த டாக்டரு உன்னைத் தனியா கூப்பிட்டாரே, இன்னா சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். இனி மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

மாமா ஒன்றும் பேசவில்லை. நீட்டிய தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஊறிய வெள்ளரியில் இரண்டு துண்டு மட்டும் எடுத்துக் கடித்தபடி வாசலுக்குப் போய்விட்டார்.

அன்றிரவு சென்னைக்கு பஸ் ஏறினேன். பத்து நாள் கழித்து அத்தை போன்.

"ஏம்பா, காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி பாத்ததுல நூத்தி அறுவதுக்கு வந்திருக்குது. மாத்திரையும் மாத்திக் குடுத்துக்கிறாரு டாக்டரு. வாரத்துக்கு ஒரு நாளு உன் சட்டிதான். வெள்ளரிக்கா அவரே நறுக்குறாரு."

"சட்டைப் பையைப் பார்த்தீங்களா அத்தை?"

"பாக்காம இருப்பனா? நேத்து ஜமுனாமரத்தூர் பஸ் டிக்கெட்டு இருந்துச்சி. சாமை தீந்துடுச்சாம், அவரே ஏறிப் போயி வாங்கியாந்துக்கிறாரு."

"அப்பாடா!"

"அவசரப்படாதே. டிக்கெட்டு சுத்தியிருந்த பேப்பரு பஜ்ஜி பேப்பரு!"