சக்கரமே ஓடாத நகரம்!

இத்தாலியின் வெனிஸில் கார் இல்லை, பைக் இல்லை, சைக்கிள் ஓட்டவும் தடை. ஆம்புலன்ஸ், போலீஸ், குப்பை அள்ளுவது எல்லாம் படகில்தான். குழந்தைகளுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம்! ஆனால், பல கால்வாய் ஓரங்களில் தடுப்பு கிடையாது; அவர்கள் கையை விட்டுவிடாதீர்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகளை 400க்கும் அதிகமான பாலங்கள் இணைக்கின்றன. பெரும்பாலும் படிக்கட்டுப் பாலங்கள். முழங்கால் வலியுள்ள தாத்தா, பாட்டிக்கு ‘வாப்பரெட்டோ’ எனும் படகு பஸ்தான் வசதி. 1ஆம் எண் படகில் உட்கார்ந்தால் ரியால்டோ பாலம், பழைய மாளிகைகள், சான் மார்க்கோ எனப் பெரிய கால்வாய் முழுவதையும் பார்க்கலாம்.

கோண்டோலா சவாரிக்குப் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. ஆளுக்கு அல்ல, படகுக்கு. பட்ஜெட் இடிக்கிறதா? பெரிய கால்வாயைக் கடக்கும் ‘த்ராகெட்டோ’ படகில் ஆளுக்கு 2 யூரோதான்.

சான் மார்க்கோ சதுக்கத்தில் புறாவுக்குத் தீனி போட்டால் அபராதம்!

இவ்வளவு அழகான ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1950களின் தொடக்கத்தில் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். இப்போது 50,000கூட இல்லை. வீடுகள் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டத்தைக் குறைக்க, 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணமும் உண்டு. இரவு தங்குவோருக்கு அது இல்லை.

எனவே, ஓர் இரவாவது தங்குங்கள். கூட்டம் கலைந்த பிறகு, சின்னச் சதுக்கங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். மிச்சமிருக்கும் வெனிஸ் அதுதான்.