ஸ்விஃப்ட் கோடு: 8 எழுத்தா, 11 எழுத்தா?

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒவ்வொருவருக்கும், வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கஷ்டமில்லை.

பாரத ஸ்டேட் வங்கியின் கோடைப் பாருங்கள்: எஸ்பிஐஎன் - ஐஎன் - பிபி. முதல் 4 எழுத்து வங்கி, அடுத்த 2 நாடு, அதற்கடுத்த 2 இடம். ஆக மொத்தம் 8. குறிப்பிட்ட கிளையைச் சொல்ல இன்னும் 3 சேர்த்தால் 11.

குழப்பம் இங்கேதான். ஐஎஃப்எஸ்சி கோடும் 11 தான்! ஆனால் அது இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கானது. அடையாளம் சுலபம்: 5-வது இடத்தில் பூஜ்யம் இருந்தால் ஐஎஃப்எஸ்சி. 5, 6-வது இடங்களில் 'ஐஎன்' என்று இருந்தால் இந்திய வங்கியின் ஸ்விஃப்ட்.

ஊர்க் கிளைகள் பலவற்றுக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு கிடையாது. அந்நியச் செலாவணி பார்க்கும் வேறொரு கிளையின் கோடு வழியாகத்தான் பணம் வரும். அதனால் இணையத்தில் தேடி எடுத்துப் போடாமல், உங்கள் கிளையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அனுப்பும் இடத்தில் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்டால் பதற வேண்டாம். இந்திய வங்கிகளில் அந்த முறையே இல்லை; கணக்கு எண்ணைக் கொடுத்தால் போதும்.

வளைகுடா வெயிலில் உழைத்துச் சேர்த்த காசு. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கோடை இன்னொரு தரம் சரிபாருங்கள். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.