கம்மாபுரம் வரப்பில் கீழாநெல்லி

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்திலிருந்து கிழக்கே போனால் கம்மாபுரம். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. அண்டையில் நெய்வேலிச் சுரங்கம். மழை விட்டதும் வரப்பில் சாண் உயரத்துக்குக் கீழாநெல்லி முளைத்துவிடும். இலைக்கொத்தைத் திருப்பினால் அடியில் கடுகு கடுகாய்க் காய் வரிசை. மஞ்சள் காமாலை என்றால் வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. இதிலுள்ள ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற பொருள்கள், ஆய்வகத்தில் நச்சேற்றிய எலியின் கல்லீரல் செல்களைக் காத்தன. 1988இல் சென்னையில் தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமி தங்கியவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

இப்போது சிக்கல் வரப்பில்தான். களைக்கொல்லி தெளித்த இடத்தில் பிடுங்கிய செடி கல்லீரலுக்கு மருந்தா, நஞ்சா? கிணற்றடி ஈரத்தில் நாலு செடியைக் களை என்று பிடுங்காமல் விட்டுவைப்பது மேல். அதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பித்தக்குழாய் அடைத்தாலும் காமாலை வரும்; அந்த அடைப்பைக் கீழாநெல்லி நீக்காது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.