அண்ணனின் புல்லட்டும் ஒரு வால்வும்



அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் புல்லட்டைப் பிரித்துப் போட்டிருந்த படத்தைப் போன வாரம் பகிர்ந்ததிலிருந்து ஒரே கேள்விகள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று பாதிப் பேர். "பழைய புல்லட்டுக்கு நல்ல விலை வருமே மாமா" என்று மீதிப் பேர். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. இடையில் கொஞ்சம் பாடமும் நடத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 1987-ல் அண்ணன் வாங்கிய 350 சிசி வண்டி. பேரையூரிலிருந்து சாப்டூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி என்று பருத்தி வியாபாரத்துக்கு அவர் சுற்றாத ஊர் இல்லை. சத்தத்தை வைத்தே "பெரியவர் வந்துட்டார்" என்று தெருவில் சொல்வார்கள். அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டி தாழ்வாரத்தில் நின்றது. இந்தச் சித்திரையில் மதினி சொன்னார்: "தம்பி, அத எடைக்குப் போட்டுருங்க. நின்னுக்கிட்டே இருக்கிறதத் தினமும் பாக்க முடியல."

திருப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்த அண்ணன் மகன் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி என்னிடம் வந்து, "ஒரு தடவை ஓட வச்சுப் பாத்துருவோமா சித்தப்பா?" என்றான்.

மெக்கானிக் நம் பள்ளியின் பழைய மாணவர்தான். பெயரைப் போட்டால் கூச்சப்படுவார். வந்ததும் கிக்கரைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார். எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அழுத்தினார். மாற்றம் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து, கொஞ்சமாவது கம்ப்ரஷன் கூடியிருக்கும். பிறகு சைலன்சர் வாயில் காதை வைத்துக்கொண்டு, "மெதுவா அமுக்குங்க தம்பி" என்றார். உள்ளே 'சர்ர்ர்' என்று காற்று போகிற சத்தம். "எக்ஸாஸ்ட் வால்வு சார். ஹெட்டைக் கழட்டணும்." எந்தக் கருவியும் இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் நோயைச் சொல்லிவிட்டார்.

ஹெட்டைக் கழற்றினால் அப்படியேதான் இருந்தது. வால்வின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் துருக் குழிகள். "ஓடாத வண்டியில வால்வு எப்படி சித்தப்பா கெடும்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி.

நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் 1500 தடவை. வினாடிக்கு 25. ஒரு மணி நேர ஓட்டத்தில் 90,000 தடவை. ஒவ்வொரு தடவையும் வால்வு தன் சீட்டில் போய் உட்கார்ந்து காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அடைக்கிற இடம் ஒன்றரை மில்லிமீட்டர் அகல வளையம், அவ்வளவுதான். எரிந்த வாயுவின் சூட்டை வாங்கிக்கொள்கிற எக்ஸாஸ்ட் வால்வு, அந்தச் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காருகிற நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. சரியாக உட்காராத வால்வு ஆறாது, கருகிப்போகும்.

ஓடுகிற வண்டிக்கு வருகிற கேடு அது. நம் வண்டிக்கு வந்தது வேறு. கடைசியாக என்ஜின் நின்றபோது எக்ஸாஸ்ட் வால்வு லேசாகத் திறந்த நிலையில் நின்றிருக்கிறது. மூன்று மழைக்காலத்து ஈரமும் சைலன்சர் வழியாக உள்ளே வந்து அந்த இடைவெளியில் தங்கியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிக் கெடாதது, மூன்று வருஷம் நின்று கெட்டது.

எக்ஸாஸ்ட் வால்வை மதுரையிலிருந்து புதிதாக வாங்கி வந்தோம். புதிய வால்வு என்பதால் போட்டவுடன் பொருந்திவிடாது. அந்த வால்வையும் அந்தச் சீட்டையும் ஒன்றோடொன்று உரசித்தான் பொருத்த வேண்டும். உரசிய பிறகு அவை ஒரு ஜோடி. வேறு எதனோடும் மாற்றக் கூடாது.

உரசுவதற்குக் கிரைண்டிங் பேஸ்ட். அதில் பொதுவாக இருப்பது கார்போரண்டம் தூள். அமெரிக்காவின் எட்வர்ட் அச்சேசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள், 1893-ல் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் அதற்கான கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-ல் தொடங்கியது. அதன் ஆலை சென்னை திருவொற்றியூரில் இருக்கிறது. மறு வருஷம் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டும் அதே திருவொற்றியூரில்தான் உருவானது. இரண்டும் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட இல்லை, ஒரே ஊர்க்காரர்கள்!

வால்வின் தண்டில் ஒரு சொட்டு ஆயில், முகத்தில் மட்டும் பேஸ்ட். ரப்பர் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் மத்துப்போல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சற்று உரசியதும் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடியும். முதலில் கரகரவென்று கேட்கும். போகப்போகச் சத்தம் மெலிந்துவிடும். முதலில் முரட்டுப் பேஸ்ட், பிறகு நைஸ். எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில். அளவுக்கு மீறி உரசினால் சீட் குழிந்து வால்வு உள்ளே இறங்கிவிடும். குழி ஆழமாக இருந்தால் கையால் ஆகாது, லேத்துப் பட்டறைக்குப் போய்ச் சீட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

சோதிக்க மெக்கானிக் கேட்டது என்ன தெரியுமா? பென்சில்! வால்வின் முகத்தில் சுற்றிலும் குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பி எடுத்தார். எல்லாக் கோடும் நடுவில் அழிந்திருந்தால் முழு வட்டமும் தொடுகிறது என்று அர்த்தம். முதல் தடவை நாலு கோடு அப்படியே இருந்தது. பையன் மறுபடி உரசினான். மூன்றாம் தடவை ஒன்றும் மிஞ்சவில்லை. நாற்பது வருஷம் பென்சிலால் விடைத்தாள் திருத்தியவன் நான். இவ்வளவு நேர்மையான தேர்வை அதுவரை பார்த்ததில்லை.

பேஸ்ட் துளிகூடத் தங்காமல் கழுவினோம். தங்கினால் அதுவே சிலிண்டரைத் தின்றுவிடும். ஸ்பிரிங் மாட்டி, வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். பத்து நிமிஷம் ஆகியும் கசியவில்லை. புது கேஸ்கெட் போட்டு ஹெட்டை ஏற்றி, டாப்பெட்டைச் சரிசெய்தார்கள்.

அண்ணன் மகன் லீவு முடிய ஒரு நாள் இருந்தது. ஏழாவது கிக்கில் பிடித்தது. சமையல்கட்டில் இருந்த மதினி வெளியே வரவில்லை. அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நின்றது. மறுநாள் காலையில் மகனிடம் சொன்னார்: "கல்லுப்பட்டி வரைக்கும் போகணும். பஸ்சுக்கு நிக்க முடியாது, அதுலயே கொண்டுபோய் விடு."

எடைக்குப் போடும் பேச்சு அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஒரு சுற்று ஓட்டுவதாக ஏற்பாடு.

உங்களில் பலர் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறீர்கள். ஊரில் அப்பாவின் வண்டி ஒன்று நிற்கும். புல்லட் மாதிரி ஒற்றைச் சிலிண்டர் கிக்கர் வண்டி என்றால் ஒன்று செய்யுங்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. அதைவிட நல்லது, வீட்டில் யாரையாவது வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்வது. அந்தச் சாக்கில் அவர்களோடு போனில் பேசிய மாதிரியும் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், பேரையூர்.