ஒரு மணி, ஒரு பெயர்ப்பட்டியல்

பள்ளியில் ஓய்வுநேர மணி ஒலிக்கிறது. மாணவர்கள் புத்தகங்களை மூடுகின்றனர். சிற்றுண்டிச்சாலைக் கடைக்காரர்கள் தட்டுகளை எடுத்து வைக்கின்றனர். மணி அடிப்பவர் ஒவ்வொருவரிடமும் சென்று நேரமாயிற்று என்று சொல்வதில்லை. கேட்பவர்கள் தத்தம் வேலையைத் தாங்களே செய்கின்றனர். கைப்பேசிச் செயலிகளுக்குள்ளும் இத்தகைய மணி ஒன்று உண்டு.

உரையாடல் செயலிக்குப் புதிய செய்தி வந்தால், அது திரையில் தோன்ற வேண்டும். படிக்காத செய்திகளின் எண்ணிக்கை கூட வேண்டும். ஒலியும் எழ வேண்டும். செய்தியைப் பெறும் பகுதியே இம்மூன்றுக்கும் நேரடியாகக் கட்டளையிட்டால், அப்பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னர் நான்காவது வேலை ஒன்று சேர்ந்தால், நன்றாக இயங்கும் பகுதியையும் திறந்து திருத்த நேரிடும். மாறாக, 'செய்தி வந்தது' என்று அது அறிவித்தால் மட்டும் போதும். அதைக் கேட்பவர் யார், எத்தனை பேர் என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. நார்வே நாட்டுக் கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, தகவலையும் அதைக் காட்டும் திரையையும் தனித்தனியாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். தகவல் மாறும்போது திரைக்கு அதை அறிவிக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1994இல் நான்கு அறிஞர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள் வடிவமைப்பு நூல், அவ்வழிக்கு 'நோக்கர்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது. அந்நூல் விளக்கிய 23 வடிவமைப்புகளுள் இதுவும் ஒன்று.

பல செயலிகளில் திரும்பத் திரும்பப் பயன்படும் நிரல்களின் தொகுப்பை நிரலகம் என்பர். நிகழ்வுகளை அறிவிக்கும் எளிய நிரலகத்திற்கு மூன்று செயல்களே போதும்: கேட்பவரின் பெயரைப் பதிதல், நிகழ்வை அறிவித்தல், பெயரை நீக்குதல். உள்ளே இருப்பது ஒரு பெயர்ப்பட்டியல்தான். அதைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம்.

ஆனால், மூன்றாவது செயலையே பலர் மறந்துவிடுகின்றனர். வேறு பள்ளிக்கு மாறிச் சென்ற மாணவரின் பெயர் பதிவேட்டில் நீடித்தால், அவருக்குரிய மேசையும் நாற்காலியும் வீணே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதுபோல, மூடப்பட்ட திரையின் பெயர் பட்டியலில் இருக்கும்வரை, அது பிடித்த நினைவகமும் விடுபடாது. அத்திரையை மீண்டும் திறந்தால் இன்னொரு பெயர் சேரும். ஒரே செய்திக்கு இருமுறை ஒலி எழும். நாளடைவில் செயலி மந்தமாகும். இதனால்தான், நோட் ஜேஎஸ் என்னும் நிரல் தளத்தில், ஒரு நிகழ்வுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்தால் எச்சரிக்கை தோன்றும்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லாவற்றையும் அறிவிப்பாக மாற்றினால், பிழை நேரும்போது யார் அறிவித்தார், யார் கேட்டார் என்று தேடுவதே பெரும்பாடாகிவிடும். ஆகவே, தேவையான நிகழ்வுகளை மட்டும் அறிவிப்பது நன்று. பெயரைப் பதியும் வரியை எழுதும்போதே அதை நீக்கும் வரியையும் எழுதிவிடுவது, தேர்ந்த நிரலாளரின் பழக்கம்.