கூரை சொன்னது

நிலக்கரிச் சுரங்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி நான் ஒரு கதை எழுதிவிட்டேன். எழுத்தாளனுக்கு இந்த அசட்டுத் துணிச்சல் உண்டு. கதையின் முடிவில், கதாநாயகன் தலைமேல் சுரங்கக் கூரை சொல்லாமல் கொள்ளாமல் இடிந்து விழும். நாலு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். எனக்கும் தலை சற்றுக் கனத்துத்தான் போயிற்று.

பிறகு ஒரு சமயம், தன்பாத்தில் உத்தியோகமாயிருந்த என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்திலேயே ஜரியா. அங்கே சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த கிழவர் ஒருவரிடம் அழைத்துப்போனார் மைத்துனர். போனவர் சும்மா இராமல் என் கதையையும் இந்தியில் சொல்லிவைத்தார். கிழவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்:

"சால் சொல்லாமல் விழுமா, பாபு?"

நமக்குச் சால் என்றால் ஏர் உழுத தடம். அவர்களுக்கோ தலைக்கு மேலே இருக்கும் கூரை. இறங்கும் குழிக்குச் சானக் என்று பெயர். கரி வெட்டுகிறவன் மல்கட்டா. மால் என்றால் சரக்கு, அதை வெட்டுகிறவன். கைந்தா என்பது அவனுடைய குந்தாலி; பேல்ச்சா, வாரிப் போடும் மண்வாரி.

"இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆயுதம் இது" என்று மூலையில் சாத்தியிருந்த தடியைக் காட்டினார் கிழவர். ஒரு கையைக் கூரையில் பதித்துக்கொண்டு மறு கையால் தடியால் தட்டவேண்டுமாம். கெட்டியான பாறை கணீரென்னும். உள்ளே விட்டுப்போன பாறை மத்தளம்போல் 'தொம்' என்னும். முட்டுக் கொடுத்த மரமும் முறிவதற்கு முன் முனகும். 1815-ல் ஹம்ப்ரி டேவி செய்த பாதுகாப்பு விளக்கின் வழிவந்த விளக்குகளில், சுடரின் தலையில் நீலம் படர்ந்தால் தீப்பற்றும் வாயு கூடுகிறதென்று அர்த்தம்.

"அப்படியானால் யாருமே சாகக்கூடாதே?" என்றேன், கெட்டிக்காரத்தனமாக.

கிழவர் சற்று நேரம் பேசவில்லை. அது 1972-ல் ஜரியாச் சுரங்கங்கள் அரசுடைமை ஆவதற்கு முந்திய காலம். நிரப்பும் வண்டிக்கு இத்தனை என்று கூலி. அன்று அவர் தட்டிப் பார்த்தார்; மத்தளம் கேட்டது. கூட இருந்த தம்பிக்கும் கேட்டது. இன்னும் ஒரு வண்டி பாக்கி. "நிரப்பிவிட்டு வந்துவிடுகிறேன், அண்ணா" என்றானாம் தம்பி.

"சால் சொல்லிற்று, பாபு. கேட்கத்தான் எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை."

ஊர் திரும்பியதும் கதையை எடுத்து, 'சொல்லாமல் கொள்ளாமல்' என்பதை அடித்தேன். அடித்த இடத்தில் அந்த ஒரு வண்டியை வைக்கவேண்டியிருந்தது. வைத்ததும் கதையே வேறாகிவிட்டது.

இன்று நம் நாட்டு நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே வானமே கூரை. சால் என்ற சொல்லுக்கு வேலையில்லை. ஆனால் பூமிக்குள் இறங்கி வெட்டும் சுரங்கங்களும் மிச்சமிருக்கின்றன. எப்போதாவது பத்திரிகையில், 'கூரை திடீரென்று இடிந்து' என்று படிக்க நேர்ந்தால், அந்தத் 'திடீரென்று' என்ற வார்த்தையை மட்டும் நம்ப எனக்கு மனம் வருவதில்லை.